வெறும் தூக்குச்சட்டி

போடி
5-8-2025

பிரதீப் அப்பாவுக்குக் கற்பகம் எழுதுவது. பிள்ளைகள் இரண்டும் சுகம். உங்கள் ஏலத்தோட்டத்துப் பள்ளத்தில் போன் எடுக்காததும் நல்லதுதான். இதை வாயால் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

நான் உடம்பு மெலிகிற ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன். பக்கத்து வீட்டு அருணா போட்டு இளைத்துவிட்டாள், ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் எனக்கும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இது உங்களிடம் கேட்பது இல்லை, தகவல்தான்.

சித்திரையில் மேலே தோட்டத்துக்கு வந்தபோது, ஜீப் ஓட்டுகிற சீனிச்சாமி அண்ணன் சொன்னது நினைவிருக்கிறதா? "மதினி, நடுவுல உக்காருங்க. ஓரமா உக்காந்தா வளைவுல வண்டி சாஞ்சிரும்." ஜீப்பே சிரித்தது. ஊரார் சிரிப்பார்கள், அது போகட்டும். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களே!

அதற்குப் பிறகு நான் மலையேறவில்லை, கவனித்தீர்களா?

கற்பகம்

---

தோட்டம்
7-8-2025

அன்புள்ள கற்பகத்துக்கு,

கவனித்தேன். காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஊசியை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அருணாவுக்குப் போட்டதை உனக்கும் போடுவது, அவள் செருப்பை நீ மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. முதலில் டாக்டரைப் பார். அவர் போடச் சொன்னால் நானே கூட வந்து உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஊசி என்றால் நீ கண்ணை மூடிக்கொள்வாய், எனக்குத் தெரியாதா!

மூட்டு வலி எப்படி இருக்கிறது? எழுது.

தங்கபாண்டி

---

போடி
14-8-2025

பிரதீப் அப்பாவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். மூட்டு வலிக்கும் எடைதான் காரணமாம். ஊசி கெட்டது என்று அவர் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்கு நல்ல மருந்து, ஆனால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கடையில் மிட்டாய் மாதிரி வாங்கக்கூடாது என்றார். மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து பார்ப்போம், அப்புறம் முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பிரதீப் பிய்த்துப் போட்ட தோசை, சுசித்ரா ஒதுக்கிய சோறு, வீணாகப் போகிறதே என்று வழித்துத் தின்ற சட்டி. என் தட்டு என்று ஒன்று போட்டு உட்கார்ந்த நாளே நினைவுக்கு வரவில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது? "எல்லாம் கொஞ்சங்கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் எனக்கே வெட்கமாக இருந்தது.

கற்பகம்

---

தோட்டம்
18-8-2025

அன்புள்ள கற்பகம்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் சாமை அரிசியைக் களைய உட்கார்ந்தேன்.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு அணைவதே இல்லை. அதன் ஓரத்தில் எனக்கு வேகிற சட்டியில் உனக்கும் சேர்த்து வேகட்டும். சாயங்காலம் இறங்கும் ஜீப்பில் தூக்குச்சட்டி வரும். இன்றைக்குச் சாமைச் சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, மேரக்காய்க் கூட்டு, அவித்த முட்டை. ஏல வாசம் அடித்தால் நான் பொறுப்பில்லை.

இது உனக்கு மட்டும். சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிடு.

தங்கபாண்டி

---

போடி
26-8-2025

பிரதீப் அப்பாவுக்கு,

தினமும் வருகிறது, ருசியாகத்தான் இருக்கிறது. இந்தச் சமையலை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று உங்கள் ஆத்தா சொல்லிச் சொல்லி எனக்கு ஊறிப்போய்விட்டது. நேற்று முறுக்கு வைத்தேன், இன்றைக்கு அதிரசம். நல்ல நெய்யில் சுட்டது. பரமசிவன் கோயில் அடிவாரம் வரை நடக்கிறேன்.

கற்பகம்

---

தோட்டம்
9-9-2025

கற்பகம்,

உன் அதிரசத்தால் என் கால்சட்டைக் கொக்கி தெறித்துவிட்டது. கீழே நீ இளைக்கச் சோறு அனுப்பினால், மேலே நான் ஊதுகிறேன். சிரிக்காதே, இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

சீனிச்சாமி நேற்றுச் சொன்னார். சட்டியை வாங்க வந்த சுசித்ரா அவரிடம், "அப்பா வச்ச கொழம்ப நானும் தம்பியுமே காலி பண்ணிருவோம் மாமா, அம்மாவுக்கு மிஞ்சாது" என்றாளாம். புகையில் கண்ணெரிய ஊதி ஊதி வேகவைத்தது யாருக்கு? எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நீ சாப்பிட்டாயா, இல்லையா?

தங்கபாண்டி

---

போடி
10-9-2025

பிரதீப் அப்பாவுக்கு,

சாப்பிடவில்லை, போதுமா? கோபப்படுவது சுலபம். பிள்ளைகள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எனக்கு மட்டும் என்று எப்படி அள்ளி வைப்பது? கை கூசுகிறது. "இந்தா, நீ தின்னு" என்று எனக்கு நானே சொல்ல யாரும் பழக்கவில்லை. அவர்கள் தின்று முடித்ததும் காலையில் மிஞ்சின இட்லியை நான் தின்றேன்.

எடை அப்படியே இருக்கிறது. பேசாமல் ஊசியே போட்டுக்கொள்கிறேன். அது ஒன்றாவது எனக்கு மட்டும் என்று இருக்கும், யாரும் பங்கு கேட்க மாட்டார்கள்.

கற்பகம்

---

தோட்டம்
12-9-2025

என் கற்பகம்,

கடைசி வரியைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். நீ சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்டிருக்கிறேன், நீ எதைச் சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு ஜீப்பில் எல்லாரும் சிரித்தபோது நானும் பல்லைக் காட்டினேன். எனக்கு அது சிரிப்பே இல்லை, கற்பகம், உன் பக்கம் பேசத் தைரியம் இல்லாமல் இளித்தது.

இன்றிலிருந்து மூன்று பேருக்கும் அனுப்புகிறேன். பெரிய சட்டியாக வாங்கிவிட்டேன். மூன்று பேரும் ஒன்றாக உட்காருங்கள். முதல் கரண்டி உன் தட்டில். சோற்றை ஒதுக்குகிறவர்கள் காலையில் அதையே சாப்பிடட்டும், நீ தொடக்கூடாது. சுசித்ராவுக்குத் தனியாகச் சீட்டு எழுதியிருக்கிறேன்.

முறுக்கும் அதிரசமும் வேண்டாம். சட்டி வெறுமையாக வரட்டும். வெறும் சட்டி திரும்பினால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று ஆத்தா சொல்வாள். லட்சுமி போனால் போகட்டும், நீ இரு.

தங்கபாண்டி

---

போடி
19-11-2025

என்னங்க,

நடுவில் ஒன்றும் எழுதாமல் சட்டியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்ததற்குத் திட்டாதீர்கள். சட்டிக்குள் நாலு சீடையாவது போடாமல் எனக்குக் கை அடங்கவில்லை. நீங்களும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்றைக்கு டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. எடை கொஞ்சம்தான். அருணா மாதிரி நான் ஆகவில்லை, ஆகவும் மாட்டேன். அவளுக்கு ஊசி வேண்டியிருந்தது, டாக்டர் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார், இப்போதுதான் சொல்கிறாள். எனக்கு, "இப்போதைக்கு வேணாம்மா. இப்படியே போங்க, தேவைன்னா அப்புறம் பாப்போம்" என்றார். படி ஏறினால் மூட்டு முன்போல் கத்துவதில்லை.

நேற்று என்ன சாப்பிட்டேன் என்று இந்தத் தடவையும் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். கம்பஞ்சோறு, கீரைக் கடைசல், பீன்ஸ், மோர். "யாரு சமைச்சது?" என்றார். "எங்க வீட்டுக்காரர், மலையில இருந்து" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன். சீனிச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஓரத்தில்தான் உட்காருவேன் என்று. "வளைவுல சாஞ்சா?" என்றார். "சாஞ்சா எறங்கித் தள்ளுங்கண்ணே" என்றேன். அவருக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

இன்று ராத்திரி முதல் கரண்டியை என் தட்டில் நானே போட்டுக்கொண்டேன். கை கூசவில்லை. பிரதீப் சோற்றை ஒதுக்கினான், சுசித்ரா அவனை ஒரு முறை முறைத்தாள், மறுபேச்சில்லாமல் தின்றுவிட்டான். சட்டியைக் கழுவித் துடைத்ததும் பழக்கத்தில் சீடை டப்பாவைத் திறந்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன்.

காலை ஜீப்பில் சட்டி வருகிறது. உள்ளே இந்தக் கடிதத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

உங்கள் கற்பகம்