வெங்காய வண்டியில் என் குரல் ஒலிக்காத வாரம்

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே வெயில். துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் அப்பளம்.

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு, வணக்கம். புத்தாண்டன்று பெயரையும் இரத்த வகையையும் எழுதி அலமாரியில் வைத்ததோடு சரி. இரண்டு மாதத் தாமதத்திற்கு மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேச வாய் இருந்தவரை தங்கள் நினைவு எழவில்லை. இப்போது வாய் இல்லை. ஆகவே வந்திருக்கிறேன்.

செய்தி: சோதனை முடிவு வந்தது. குரல் நாணில் இருந்து எடுத்த கட்டி சாதாரணக் கட்டி. மருத்துவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடுங்க. ஆனா அடுத்த செவ்வாய் வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது."

அப்பாடா என்று சொல்லவும் அனுமதி இல்லை. மூச்சை மட்டும் விட்டேன்.

என் கணவர் சம்பத், வெளியே வந்து வண்டியை உதைத்துக்கொண்டே: "கல்யாணம் ஆன நாள்லேந்து இதத்தான் நான் சொல்லிக்கினு கீறேன். பீஸ் வாங்கிக்கினு அவரு சொன்னாத்தான் ஒனக்கு ஏறும்."

மருத்துவரிடம் நான் எழுதிக் காட்டிய கேள்வி: குரல் பழையபடி வருமா? அவர் பதில்: "அத நீங்க பேசினாத்தான் தெரியும்." பேசக் கூடாது, பேசினால்தான் தெரியும். இதற்கும் ஒரு படிப்பு.

இரவு இட்லி. காரம் கூடாது. வெறும் சர்க்கரை.

மார்ச் 3, செவ்வாய்

புழுக்கம். மின்வெட்டு. விசிறி மட்டை.

இல்லத்தில் புதிய ஒழுங்குமுறை. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு = ஆம். இரண்டு = இல்லை. மூன்று = சாப்பிட வரவும். விடாமல் தட்டினால் = கோபம். சம்பத்துக்கு நான்காவது மட்டும் உடனே புரிகிறது.

மாலை, எதிர் அடுக்ககத்தின் செயலாளர் அனிதா வந்தார். கணினி வேலை, திருநெல்வேலிப் பக்கம், நல்ல பெண். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகளிர் தினக் கூட்டம். நான் பேசுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன்.

"பேச வேண்டாம்க்கா, எழுதிக் குடுத்தா நானே வாசிச்சிருதேன். வித்தியாசமான தொழில்ல ஜெயிச்ச பெண், எங்களுக்கு அட்வைஸ். ஒரு பக்கம் போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்."

ஒரு தட்டு தட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று எண்ணி எடுத்துவந்து கொடுத்தார்.

என் தொழிலை ஏட்டுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். தெருவில் வரும் வெங்காய வண்டி, பழைய இரும்பு வண்டி, கோலமாவு வண்டி, கழிப்பறைத் திரவ வண்டி ஆகியவற்றின் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பெண்குரல் நான். அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பம் முதல் நூம்பல் வரை என்னைக் கேட்காத சமையலறை இல்லை. என்னைப் பார்த்தவர் சிலர். வாசகத்தை நானே இயற்றுகிறேன். இரும்பு பீரோவின் கதவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, கைப்பேசியில் பதிவு செய்கிறேன். புடவைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். இதை எவரும் கற்பிக்கவில்லை. படித்தது ஒன்பதாம் வகுப்பு. மீதியைக் காதால் படித்தேன்.

மார்ச் 4, புதன்

வெயில். காக்கைகூட இல்லை.

ஏழுமலையின் வண்டி வரும் நாள். எனக்கு முதன்முதலில் வாசகம் எழுத வாய்ப்பளித்த வெங்காய வியாபாரி. "அடுப்பில் வாணலியை ஏற்றிவிட்டு, ஐயோ வெங்காயம் இல்லையே என்று திகைத்து நிற்கும் அன்பார்ந்த தாய்மார்களே" என்று தொடங்கும். என் வாசகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. வாய் மூடிக் கிடக்கும் இவ்வாரத்தில் அதையாவது கேட்கலாம் என்று காலை முதல் பால்கனியில் காத்திருந்தேன்.

வண்டி வந்தது. என் குரல் வரவில்லை.

ஒலிபெருக்கி கூரையில் சும்மா இருந்தது. ஏழுமலை சன்னலில் தலையை நீட்டித் தன் வாயாலேயே கத்திக்கொண்டு போனான். "வெங்காயோய்... வெங்காயோய்..." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு கும்பிடு. வண்டியை விரட்டிவிட்டான்.

சம்பத்திடம் எழுதிக் காட்டினேன்.

"புது ஆள் புட்சிருப்பானா இருக்கும். செல்லுல இப்ப மெஷினே பேசுதாமே. அது வர்ற வரைக்கும் சும்மா கத்திக்கினு கீறான்."

விடாமல் தட்டினேன்.

"நான் இன்னா பண்ணேன்? கேட்ட, சொன்னேன்."

ஏழுமலைக்குச் செய்தி அனுப்பிக் கேட்கலாம். கேட்கும் அளவுக்கு இறங்கமாட்டேன்.

கட்டி பற்றிய பயம் போனது. இப்போது அந்த இடத்தில் இது வந்து அமர்ந்திருக்கிறது. குரல் திரும்பி, அதற்கு வேலை இல்லாது போனால்?

மார்ச் 5, வியாழன்

மேகம். மழை இல்லை.

அனிதாவுக்கான கட்டுரை, வரைவு. கோபத்தில் எழுதியது. சரளமாக வந்தது.

மதிப்பிற்குரிய சகோதரிகளே,

உள்ளம் விரும்புவதைத் தொடருங்கள் என்பார்கள். நான் எதையும் தொடரவில்லை. மாங்காட்டில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் பெயரை அறிவிக்க ஆள் இல்லை. மைக்கைப் பிடித்தேன். குழந்தை கிடைத்தது. மைக்கைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் கைக்கு எது வருகிறதோ அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கழிப்பறைத் திரவத்தையும் காவியத்தைப் போலவே அறிவியுங்கள். கேட்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். வாங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

உறவினர் உங்கள் தொழில் பற்றிக் கருத்துச் சொல்லும்போது மிக்ஸியைப் போடுங்கள். தேங்காய் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசுவது உங்கள் வேலை என்றால் அறைக் கதவைத் தாழிடுங்கள். விளக்கம் சொல்ல நேரம் வீண்.

பெயர் போடவில்லையே என்று அழாதீர்கள். திட்டுபவருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

எவரும் உங்களை நினைவில் வைத்திருப்பார்கள் என்று எண்ணாதீர்கள். வாய் மூடிய மறுநாளே வேறு ஆள்.

கடைசி வரி பாசிட்டிவாக இல்லை. இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

மாலையில் சிறு காற்று. வாசல் தெளித்தேன்.

ஆறு மணிக்கு அழைப்பு மணி. ஏழுமலை. கையில் ஒரு பை சின்ன வெங்காயம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் வாயைத் திறந்தான். மரம் அறுக்கும் ஓசை.

"அக்கா... தொண்ட எப்டி கீது?"

சம்பத்துக்குச் சிரிப்பு. "ஏன்யா, அவ தொண்டைய உடு. ஒனக்கு இன்னா ஆச்சு?"

"நாலு நாளா வாயாலயே கூவுறேன் அண்ணாத்தே. அம்பத்தூர் பூரா. தொண்ட செதஞ்சி பூட்ச்சி."

"ஸ்பீக்கரு ரிப்பேரா?"

"நல்லாத்தான் கீது."

"பின்ன?"

என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "அக்காவ பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாராமே. நான் பாட்டுக்கு காலைலேந்து தெரு தெருவா அக்காவ கத்த வுட்டா ஆவுமா? ஊட்லயும் திட்டுது. 'அந்த அக்கா அங்க வாயக் கட்டிக்கினு கீது, இங்க ஒனக்கு வெங்காயம் விக்கணுமா'ன்னு."

"யோவ், அது ரெக்கார்டுய்யா."

"அது தெரியும் அண்ணாத்தே."

"தெரிஞ்சுமா?"

"தெரியும். ஆனா போட மனசு வரல. அக்கா குரல்தானே அது."

நான் டம்ளரைத் தேடினேன். கிடைத்தது. என்ன தட்டுவது என்று தெரியவில்லை. எங்கள் ஒழுங்குமுறையில் இதற்குத் தட்டு இல்லை.

சிரிக்கவும் தடை. தொண்டை அதிரக் கூடாது. ஓசையின்றி அழலாம். அதற்குத் தடை சொல்லவில்லை.

எழுதிக் காட்டினேன்: புதிய ஆள் யாரும் இல்லையா? அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"வேற யாருக்கா? மொதல்ல ஒரு நாள் என் பையன் மெஷின்ல எதையோ போட்டு உட்டான். போற எடமெல்லாம் பொம்பளைங்க எட்டிப் பாத்துட்டு உள்ள பூட்டாங்க. 'வாணலி அம்மா எங்க'ன்னு கேட்டாங்க."

வாணலி அம்மா. எனக்குப் பெயர் இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எவரும் அறிவிக்கவில்லை.

சுக்குக் காப்பி போட்டு வைத்தேன். குடித்துவிட்டு "நல்லா கீதுக்கா" என்றான், பாதி காற்றாக. பேசாதே என்று விரலை வாயில் வைத்துக் காட்டினேன். இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். சம்பத் மட்டுமே பேசினார். அவருக்கு வாழ்நாள் திருப்தி.

இரவு சின்ன வெங்காய சாம்பார். காரமின்றி. அருமை.

மார்ச் 8, ஞாயிறு

கடும் வெயில்.

கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன்: "உங்கள் உழைப்பு வெறும் பதிவுதானே என்பவரிடம் வேலை செய்யாதீர்கள். அந்தப் பதிவுக்கும் வலிக்கும் என்று தவறாக எண்ணுபவர் கிடைத்தால், அவரை விடாதீர்கள்."

அனிதா வாசித்தார். மிக்ஸி வரிக்குப் பெரும் கைதட்டல். கடைசி வரிக்குக் கைதட்டல் இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். சளியாகவும் இருக்கலாம்.

கேசரியில் நெய் போதவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

விடியலில் பனிமூட்டம், பிறகு வழக்கம்போல் வெயில்.

மருத்துவமனை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். "சுத்தமா ஆறியிருக்கு. ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவது. வழி முழுவதும் ஒரு நன்றியுரை தயாரித்திருந்தேன். ஒன்றும் நினைவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது இது: "அடுப்பில் வாணலியை ஏற்றிவிட்டு..."

சற்றுக் கனம். அடியில் ஒரு மணல். ஆனால் என்னுடையது. ஐயமின்றி என்னுடையது.

செவிலியர் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஐயோ, வெங்காய வண்டி நீங்களா?"

மருத்துவர்: தினம் சிறிது நேரம் மட்டும். படிப்படியாக. புதிய பதிவு அடுத்த மாதம்.

சம்பத் வாசலில், வண்டியை உதைக்காமல்: "இன்னொரு தபா சொல்லு." சொன்னேன். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலைக்குக் கைப்பேசியில் அனுப்பிய செய்தி, இங்கே நகல்:

மதிப்பிற்குரிய தம்பி ஏழுமலை அவர்களுக்கு, வணக்கம். மருத்துவர் அனுமதி அளித்துவிட்டார். நாளை காலை முதல் என் பழைய பதிவைத் தயக்கமின்றி ஒலிக்கச் செய்யவும். எனக்கு வலிக்காது. தங்கள் தொண்டைக்கு ஒரு வாரம் ஓய்வு தருமாறு உத்தரவிடுகிறேன். வாயால் பதில் சொல்ல வேண்டாம். கட்டைவிரல் படம் ஒன்று போதும். பால்கனியில் காத்திருக்கிறேன். உடனே பதில் போடவும்.