செவ்வந்தி வெளிறியது துக்கத்தால் அல்ல

என்ரை ராசா சேகர்,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. நீ வளர்த்த பாம்பு, உன்ரை செவ்வந்தி, இப்போது நோர்பரியில், என் வீட்டு முன்னறையில், ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ இருந்தபோது அதை அருவருப்பு என்று சொன்ன அக்காவிடம்தான் வந்து சேர்ந்தது. வேறு ஒருவரும் எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிக்கு வந்த சனத்தைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட ஏலாது. மரக்கறிச் சாப்பாடு முடிந்து, கை கழுவிவிட்டு, எல்லோரும் கண்ணாடித் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். செம்மஞ்சளாக இருந்த செவ்வந்தி சாம்பல் பூசினதுபோல மங்கிக் கிடந்தது. கண் இரண்டும் பால் கலந்த நீலம். வளர்த்தவனை நினைத்து அழுது கண் வெளிறிவிட்டது என்று ஒரு அன்ரி சொல்ல, இன்னும் இரண்டு பேர் மூக்கைத் துடைத்தார்கள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத சனம், ராசா. அதுகள் பாம்புக்காக அழுதன.

அவர்களைவிட மோசம் எங்கள் மாமியின் மகன் ரஞ்சன். அவனை உனக்குத் தெரியாதா? கவுன்சில் வரியா, முழங்கால் நோவா, பாம்பா, எல்லாவற்றுக்கும் அவன்தான் டொக்டர். இது தோல் வியாதி, மனிசருக்கும் ஒட்டும் என்றான். ஃபோனில் ஏதோ வீடியோ காட்டினான். பிறகு மேலே போய், நான் புருவம் பிடுங்குகிற சாமணத்தையும் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்தான். கண்ணில் படிந்த படலத்தை உரித்து எடுக்கப் போகிறானாம்.

நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "அதிலை கை வைச்சியோ, கையை முறிப்பன்" என்றேன். பாம்பின்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அவன்மேல் இருந்த எரிச்சல்தான்.

மறுநாள் நீ பாம்பு வாங்கின கடைக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே இருந்த பிள்ளை சிரிக்காமல் விளங்கப்படுத்தினாள். தோல் கழற்றப் போகிறதாம். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையில் ஈரம் ஊறுவதால் நிறம் மங்குமாம், கண் நீலமாகுமாம். பிறகு கண் தெளிந்து, சில நாளில் தோல் கழலுமாம். அதுவரை தூக்கவும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், அது புகுந்து கிடக்க ஒரு ஈரப் பெட்டி மட்டும் வை என்றாள். நீ இதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? உன்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

அடுத்த கிழமை அது ஒரே துண்டாக, காலுறை கழற்றினதுபோலத் தோலைக் கழற்றிவிட்டது. உள்ளே இருந்து புதுச் செம்மஞ்சள். நான் அந்தச் சட்டையைப் படம் எடுத்து குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு, ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினேன். துக்கத்தில் நிறம் மாறுவது மனிசரின் கதைகளில் மட்டும்தான் என்று முடித்தேன். அழுத அன்ரி ஒரு கைகூப்பல் அனுப்பினா. ரஞ்சன் ஒன்றும் எழுதவில்லை. அன்று எனக்கு நல்ல நித்திரை.

இனி வெட்கப்படுகிற பகுதி. உன்னைத் தவிர யாருக்கும் இதை முழுதாகச் சொல்லவில்லை.

குளிர் தொடங்கியதும், பாவம் விறைக்கும் என்று நினைத்து, தொட்டிக்கு அடியில் இருக்கிற சூட்டு விரிப்பை, சூடு கூடாமல் பார்க்கிற தெர்மோஸ்டாட்டில் இருந்து கழற்றி நேரே பிளக்கில் கொடுத்தேன். நாலைந்து நாளில் வயிற்றுப் பக்கம் சிவந்தது. தோல் கழற்றப் போகிறது என்று முடிவு கட்டினேன். நான் வேலை செய்கிற பல் கிளினிக்கிலும் பெருமையாகச் சொன்னேன். சிவப்புக் கூடக் கூட, ஈரப் பெட்டியை நனைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சன் நீ வேலை செய்த பஸ் கொம்பனியில் இருந்து வந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். தொட்டிக்கு முன்னால் குந்தி நிறைய நேரம் பார்த்தான்.

"மச்சாள், அதின்ரை கண் நீலமாகேல்லை" என்றான்.

"ஆகும்."

"நீங்கள்தானே எழுதினீங்கள், கண் நீலமாகும் எண்டு. மேல்பக்கமும் மங்கேல்லை. வயிறு மட்டும்தான்."

அவன் நான் எழுதினதை வாசித்திருக்கிறான், சேகர். முழுதாக வாசித்து மனதில் வைத்திருக்கிறான். எனக்கு அவனைத் தள்ளி வெளியே விடவேண்டும்போல இருந்தது. பதிலுக்குத் தொட்டிக்குள் கை விட்டேன். அடிப்பக்கம் இடியப்பத் தட்டுப்போலச் சுட்டது.

ரஞ்சன்தான் காரோட்டினான். ஞாயிறிலும் கிளினிக் திறந்திருந்த ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். சூட்டுக் காயம், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் செதில் அழுகத் தொடங்கியிருக்கும் என்றார் அந்த மனிசி. எப்படி நடந்தது என்று கேட்டா. ரஞ்சன் என்னைக் காப்பாற்ற, மெஷின் பழுது என்று இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினான். அவனிடம் இருந்து அந்த உதவியையும் வாங்கினால் நான் அழிந்தேன். "நான்தான் கழற்றினனான்" என்று சொன்னேன்.

இரண்டு மாதமாக மருந்து பூசுகிறேன். காயத்தில் ஒட்டாமல் தொட்டிக்குள் கிடந்த மரத்தூளை எடுத்துவிட்டுக் கிச்சின் ரிசுக் கடதாசி விரித்திருக்கிறேன். ஒருதரம் தோல் கழற்றிவிட்டது. இந்தமுறை வயிற்றில் துண்டு துண்டாகத்தான் வந்தது. பழுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு தோலோடும் கொஞ்சம் குறையுமாம். முழுக்கப் போகாமலும் விடலாமாம்.

ரஞ்சனை எனக்கு இன்னும் பிடிக்காது. ஞாயிறுகளில் வாறான், கேட்காமலே புத்தி சொல்கிறான், தேத்தண்ணி குடிக்கிறான். ஆனால் நான் மருந்து பூசும்போது செவ்வந்தியின் தலையை அவன்தான் பிடிக்கிறான். அதற்கு அவனின் கை என்னுடையதைவிட மெதுவானது. அதைச் சொல்வது எனக்குக் கஷ்டம். உனக்குத்தான் சொல்கிறேன்.

செவ்வந்தியை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், தம்பி. ஒவ்வொரு கிழமையும் பகல் வெளிச்சத்தில் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். அந்தத் தழும்பு என்ன என்று யார் கேட்டாலும், என்ன செய்தேன் என்று சொல்லுவேன்.

நீ கதைக்கும்போது வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற,
உன்ரை பெரியக்கா