பார்த்தசாரதி சுடாமல் விட்ட ரவைகள்

ஹோம்புஷ்,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் சங்கரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கல்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்று, நடந்தது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னவன். துவக்கு ரவை நிரப்புகிற மேசையில் போன் இருந்தால் ஒருநாள் வில்லங்கம் வரும் என்று சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், அம்மாவிடமும் சொன்னேன், அம்மா அப்படி ஒன்றும் கேட்ட ஞாபகம் இல்லை என்கிறாள், அவளுக்கு அன்று சமையல் அலுவல். இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், என் குரல் பதிவுகளை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தம்பி சுஜீதன் சொல்லிவிட்டான். இதை நீ ஆறுதலாகத்தான் வாசிக்க வேண்டும்.

மேல் மாடி ஃப்ளாட் பார்த்தசாரதி அங்கிளை உனக்குத் தெரியும், திருச்சிக்காரர், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் நான்தான் அவரைப் பழைய துவக்குச் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். லைசன்ஸ் எடுத்து, இரும்புப் பெட்டி வாங்கி, நூற்று நாற்பது வயதான ஒரு மார்ட்டினித் துவக்கும் வாங்கிவிட்டார். ஒரு நேரத்தில் ஒரு ரவைதான் போடலாம், சுட்டபின் கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்தால் வெறும் கோது வெளியே விழும், பிறகு அடுத்தது. அதற்கான ரவை கடைகளில் லேசில் கிடையாது, சுட்ட பித்தளைக் கோதுகளையே திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். அந்த வேலைக்கு நியூ சவுத் வேல்ஸில் என் கைக்கு மேலே கை இல்லை. இதை நான் சொல்லவில்லை, சங்கச் செயலாளர் கிரஹாம் சொன்னார், அல்லது சொல்ல வந்தார், நடுவில் யாரோ தேத்தண்ணி கொண்டு வந்துவிட்டார்கள். அவர் என்னைவிட மூத்தவர், அவரே என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் சொல்கிறேன், கேள். அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து கோதின் வாய்வரை நிறையும், ஒருமுறை போட்டால் இன்னொரு முறை போட இடமே இருக்காது. நாங்கள் போடுவது புகையில்லா மருந்து. அது அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இவ்வளவு பெரிய கோதில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தவறி இரண்டு தரம் போட்டாலும் கோது ஒன்றும் காட்டிக்கொடுக்காது, வாயில் ஈயக் குண்டைப் பூட்டிவிட்டால் வெளியே இருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. கிழட்டு இரும்பு அந்த இரட்டை மருந்தைத் தாங்குமா? சுடுகிறவனின் கண்ணுக்கு முன்னால்தான் வெடிக்கும். அதனால் கோதுகளைத் துளைப்பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்து, அதற்குப் பிறகுதான் குண்டைப் பூட்ட வேண்டும்.

பார்த்தசாரதியின் ரவைகளை நான் நிரப்பிக்கொண்டிருந்த சனிக்கிழமை காலையில்தான் நீ அந்தப் பழைய கார் விஷயமாகப் போன் எடுத்தாய். உன்னில் பிழை சொல்லவில்லை, மகள் எடுத்தால் அப்பா பேசத்தானே வேண்டும். கராஜுக்குள் நடந்து நடந்து பேசினேன், பனியில் ஓட்டுகிற காருக்கு என்ன டயர் வேண்டும் என்று நீ கேட்காமலே சொன்னேன். போனை வைத்துவிட்டு வந்து, மிச்சக் கோதுகளுக்கும் மருந்து போட்டு, குண்டுகளைப் பூட்டி, பெட்டியில் அடுக்கி, அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் சங்கத்தின் வருடாந்தப் போட்டி. இந்த வருஷம்தான் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அந்தக் கண்ணாலேயே குறி பார்த்து முதல் சுற்றில் எல்லாரையும் முந்திவிட்டார். கீழே படுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கட்டை விரலைக் காட்டினார். இரண்டாம் சுற்றுக்கு ஆயத்தம். நான் பின்னால் நின்று கிரஹாமுக்கு என் கைப்பக்குவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். முதலில் மருந்து, பிறகு டோர்ச் என்று சொன்னேன், மகளே, அந்தச் சொல்லோடு என் வாய் நின்றுவிட்டது. மற்ற எல்லாம் ஞாபகம் வந்தது, உன் கார் நீலம் என்பது கூட. டோர்ச் அடித்துப் பார்த்தது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுடுவதை நிறுத்து என்று யாரும் கத்தலாம், தேத்தண்ணி ஊற்றுகிறவரும் கத்தலாம், கத்தினால் எல்லாரும் துவக்கைத் திறந்து வைத்துவிட்டு விலக வேண்டும், காரணம் பிறகுதான் கேட்பார்கள். முழுச் சங்கத்துக்கும் முன்னால், இருபது வருஷமாக ஒரு ரவைகூடப் பிழையானதில்லை என்று அப்போதுதான் சொல்லி முடித்த வாயால், கத்தினேன். பக்கத்துக் காட்டில் கொக்கட்டூக் கிளிகள் எல்லாம் கிளம்பிவிட்டன, அவ்வளவு குரல் எனக்கு. பார்த்தசாரதி நெம்புகோலை இழுத்து ரவையை வெளியே எடுத்தார். சந்தேகம் வந்தால் முழுப் பெட்டியும் வெளியே என்பது சட்டம். ரவைகளைத் தராசில் நிறுத்துப் பார்த்தும் பிரயோசனம் இல்லை, நான் வார்த்த ஈயக் குண்டுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் நிறை வித்தியாசம். அவரிடம் வேறு ரவையும் இல்லை, அதோடு போட்டி போச்சு. எழும்பி வந்து, "நிச்சயமாத் தெரியுமா, சார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லித் துவக்கை உறையில் போட்டார்.

பின்னேரம் எங்கள் கராஜில் எல்லா ரவையையும் கழற்றினோம். சுத்தியல் மாதிரி ஒரு சாமான், ரவையை உள்ளே வைத்துத் தட்டினால் குண்டு கழன்று வரும். அவர் தட்ட, நான் மருந்தைத் தராசில் கொட்டினேன். பத்து ரவை சரி. பதினோராவதைக் கொட்டினால் தராசின் முள் எகிறிக் குதித்தது, அப்படியே இரட்டை. அவர் மனைவி லக்ஷ்மிப்ரியா, புருஷனின் கண் நல்லபடி இருக்கிறது என்று அடுத்த நாளே எங்களை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அங்கே அர்ச்சனை, பிறகு கேன்டீனில் புளியோதரை, அம்மா இரண்டு முறை வாங்கினாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, டயரை மாற்றிவிட்டாயா என்று எழுது, கார் ஓட்டும்போது எங்களுக்குப் போன் எடுக்காதே. கடவுள் உன்னோடு இருப்பார், எங்கள் ஆசீர்வாதம் அதற்கு மேலே ஒரு போர்வை.

இதோடு முடித்திருப்பேன். அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதுறீங்களோ, நான் எழுதவோ?" என்று பேனையைக் கேட்கிறாள். சரி, எழுதுகிறேன். பதினோராவது ரவையில் இரட்டை மருந்து ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் மருந்து அளவாகத்தான் இருந்தது, கடைசி ரவை வரைக்கும். மனுசன் சுட்டிருந்தால் வென்றிருப்பார். நான் தராசைப் பார்த்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தேன். அவர் வெறும் கோதுகளை எல்லாம் பொறுக்கித் திரும்பத் துளைப்பலகையில் நிறுத்தி, என் பக்கம் தள்ளிவிட்டு, "அடுத்த மாசம் இன்னொரு போட்டி இருக்காமே, சார், போட்டுக் குடுங்க" என்றார். நேற்று நிரப்பினேன், டோர்ச் இரண்டு தரம் அடித்தேன். நீ அங்கே யாருக்காவது இந்தக் கதையைச் சொன்னால் பதினோராவதை எடுத்துவிடாதே, மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா
கதிர்காமநாதன்