மூன்று விரல் தடங்களும் ஒரு படகுத்துறையும்

மார்ச் 4, செவ்வாய்

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறையில் பாசியைத் தேய்த்துக் கழுவினால் — மூன்று விரல் தடம்! என் இரண்டு கையையும் விரித்து வைத்தாலும் நிரம்பவில்லை. டைனோசரேதான். வரிசையாகப் போகிறது. பக்கத்திலேயே சின்னச் சின்னதாக இன்னொரு வரிசை. தனியாக நின்று குதித்தேன், வழுக்கி உட்கார்ந்தேன். படகுக்கார அக்கா பார்த்துவிட்டாள். "என்ன டீச்சரம்மா, நண்டு கடிச்சிருச்சா?" நான் டீச்சர் இல்லை, அருங்காட்சியகத்தில் வேலை என்று சொல்லி அலுத்துவிட்டது.

மார்ச் 5

தடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. யார் கைவரிசை என்று பார்த்ததுமே தெரிந்தது. என் வீட்டுக்காரர்! இன்ஜினீயர் ஐயா கட்டப்போகும் படகுத்துறையின் முதல் தூண் அங்கேதான் வருகிறதாம். இத்தனை நீளக் கடற்கரையில் வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

இன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. மறந்துதான் போனேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 7

சண்டை.

"கோடிக்கணக்கான வருஷமா இருக்குங்க. உடைச்சுட்டா திரும்ப வருமா?"

"போன மாசம் கரையேறும்போது படகு கவுந்து படகுக்கார அக்காவோட தம்பிக்குக் கால் ஒடிஞ்சுது. துறை வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா? கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன்."

"தள்ளினா ஆழம் பத்தாது. எல்லாத்தையும் முதல்ல இருந்து வரையணும்."

அவர் சொல்வது பொய்யா? இல்லையே. அதுதான் எரிச்சல்.

மார்ச் 8

பேச்சுவார்த்தை இல்லை. மகள்தான் தூது. "அப்பா, அம்மா சீப்பு கேக்குறாங்க." சீப்பு என் கையிலேயே இருந்தது.

மார்ச் 11

ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கையில் டேப்போடு. பெரிய தடங்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

"இங்க மட்டும் ஏன் இடைவெளி குறையுது?"

"மெதுவா நடந்திருக்கும்."

"ஏன் மெதுவா?"

சின்னத் தடங்கள் நெருங்கி வருவது அந்த இடத்தில்தான். நான் சொல்வதற்குள் அவரே குனிந்து பார்த்துவிட்டார்.

"குட்டிக்காக."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் ஒரே நாள்ல நடந்துச்சான்னுகூடத் தெரியாது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

டைனோசரைப் பற்றி — என்னிடம்! கடல் ஏறி முழங்கால் நனையும்வரை மனுஷன் அங்கிருந்து நகரவில்லை.

மார்ச் 13

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். மகளும் நானும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 20

பாறையில் கூட்டம். அவருடைய மேலதிகாரி, படகுக்காரர்கள், எங்கள் அருங்காட்சியக ஆட்கள். புது வரைபடத்தில் துறை தடங்களைச் சுற்றிக்கொண்டு ஆழமான பக்கம் இறங்குகிறது. படகுக்கார அக்கா விரலால் கோட்டைத் தொடர்ந்து பார்த்து, "சரி, இதுல படகைக் கட்டிப் போடலாம்" என்றாள். மேலதிகாரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"நேரா போக வேண்டியது இங்க எதுக்கு வளையுது?"

"குறுக்க ஒரு தாயும் குட்டியும் நடந்து போயிருக்காங்க சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தாய் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குட்டி என்பதற்கும் கிடையாது.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.