ஏழாவது சிரிப்பு

அண்ணே,

இன்று காலை அலமாரியில் இருந்த அந்தப் பிலிம் டப்பாவைத் திறந்தேன். ஊசிப்போன நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. மயிலாப்பூர் வெயில் யாரைத்தான் விட்டுவைத்தது? பிலிம் பிசுபிசுத்துக் கிடந்தது. மூட மனம் வரவில்லை. உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பெண் வேஷம், பிறகு மேடையில் பபூன், பேசும் படம் வந்ததும் அங்கே ஓட்டம். முப்பது வருஷம் ஊரையே சிரிக்க வைத்தீர்கள். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்ததோ, நீங்கள் பாடையில் கிடந்து, அழ வந்தவனைப் பார்த்து ஒற்றைக் கண்ணைத் திறப்பதுதான். பாழாய்ப்போன முதலாளிகள் படத்துக்குப் படம் உங்களைச் சாகடித்தார்கள். ஆறு தடவை செத்தீர்கள். ஆறு தடவையும் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிணமாகப் படுத்தவர்கள் எல்லாரும் நம் தொழிலில் செய்கிற சடங்குதான். "அதையும் பிடிச்சுடு தம்பி. இல்லாட்டி எமன் இதை நெசம்னு நெனச்சுக்குவான்" என்பீர்கள். வீட்டுக்குப் போய் அண்ணியிடம் "சிரிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் உங்களுக்குக் காப்பி.

ஏழாவது தடவை அடையாற்று ஸ்டுடியோவில். யுத்த காலம், பிலிமுக்கு ரேஷன். ஓர் அடிகூட வீணாகக் கூடாதென்று முதலாளி உத்தரவு. கேமராக்காரன் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடை ஷாட் முடிந்ததும் பிலிமைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கேமராவை ஓட்டினேன். நீங்கள் மாலையோடு எழுந்தீர்கள். தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

"என்னப்பா, சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

"மோட்டார் பழசுண்ணே."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

நாலாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். கூடத்தில் அதே சாமந்தி மாலை, மூக்கில் அதே பஞ்சு. நான் கால்மாட்டில் நின்றேன். அன்று ஸ்டுடியோவில் கேமரா நின்றதும் பாடையின் கால்மாட்டில்தான். எழுந்திருங்கள் அண்ணே என்று மனசுக்குள் கத்தினேன். நம் லைட்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்கு சிரிச்சாரே நைனா, நானே பாத்தேனே! அப்பறம் இன்னாத்துக்குப் பூட்டாரு?"

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணி கேட்டார்: "கடைசியா சிரிச்சாராமே, அதை ஒரு தரம் காட்டுங்க தம்பி." தியாகராய நகரில் படம் போட்டுப் பார்க்கிற சின்னக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பாடை ஷாட் ஓடியது. அதன் வாலில் ஒட்டியிருந்தது, ரீல் கடைசியில் வழக்கமாக ஒட்டுகிற படமில்லாத வெறும் பிலிம். திரை முழுக்க வெள்ளை. பாவி நான், உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் அண்ணி மெதுவாகச் சிரித்தார்.

"பாத்துட்டேன் தம்பி. வெத்திலைப் பல்லு தெரிய சிரிக்கிறாரு. ஆனா உங்களையே பாத்துக்கிட்டு இருக்காரே, ஏன்?"

அந்த வால்துண்டுதான் இந்த டப்பாவில் இருக்கிறது. இன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை அண்ணே.

எந்தக் கொட்டகைக்குப் போனாலும், படம் முடிந்து திரை வெளுக்கும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். அங்கே நீங்கள் இருப்பீர்களோ என்று பயம். இருக்க மாட்டீர்களோ என்று அதைவிடப் பயம்.