கதவுக்கு இந்தப் பக்கம்

அக். 4, சனி

காலையிலேயே தூறல். துணி காயவில்லை. யாழினிக்கு மாத்திரை வாங்கியாச்சு.

கம்ப்யூட்டர் கேம் சொல்லித்தரும் கேமிங் ஸ்கூலிலிருந்து வந்ததும் சொன்னாள். திங்கள் டீம் போட்டிக்குத் தகுதிச் சுற்று. பௌர்ணமி கிரிவலம், செங்கம் ரோடு அடைத்துவிடுவார்கள், ஸ்கூல் திறக்காது. அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டுமாம்.

"கதவு சாத்தி, கேமரா ஆன்ல இருக்கும்மா. ரூம்ல வேற யார் தெரிஞ்சாலும் எங்க டீமே அவுட்."

"எதுக்குடி?"

"பின்னாடி நின்னு எவனாச்சும் எதிரி எங்க இருக்கான்னு சொல்லிட்டா? நீ சொல்லமாட்ட. உனக்கு டிவி ரிமோட்டே தகராறு."

சிரித்தேன்.

போன மாதம் சமையலறையில் அவளுக்கு வலிப்பு. பக்கத்தில் இருந்ததால் தலையைப் பிடித்தேன். டாக்டர்: மாத்திரை, தூக்கம், கொஞ்ச நாள் தனியா விடாதீங்க. கோச்சுக்குத் தெரியாது. தெரிந்தால் டீமில் வைக்கமாட்டார். வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்கு.

அக். 5, ஞாயிறு

நிறுத்திவிடு என்று சொல்ல வரவில்லை. பத்தாவதில் பெயிலாகி வருஷம் முழுக்க போர்வைக்குள் கிடந்தவள். இந்த ஸ்கூலில் சேர்ந்த பிறகுதான் உப்பு ஜாஸ்தி என்று சண்டை போட ஆரம்பித்தாள். அந்தச் சண்டை எனக்கு வேண்டும்.

மத்தியானம் தூங்கினாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

அக். 6, திங்கள்

வாசலில் கிரிவலக் கூட்டம். செல்லில் சிக்னல் இல்லை, வீட்டு நெட் மட்டும்.

கதவுக்கு வெளியே ஸ்டூல். அவள் டீம் தோழியிடம் கத்திக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. "ஷபானா, லெஃப்ட்ல பாருடி!" பிறகு ஒன்றும் இல்லை. மவுஸ் சத்தம்கூட. "யாழு" என்றேன். ஹெட்போனுக்குள் எப்படிக் கேட்கும். தெருவில் அரோகரா. திறந்துவிட்டேன்.

இரண்டு ரவுண்டுக்கு நடுவே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். திரை மூலையில் நான், நைட்டியோடு.

டீம் அவுட்.

அக். 7, செவ்வாய்

மாத்திரையை மட்டும் என் கண்முன் போட்டுக்கொண்டாள்.

கோச் போன். "எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன் மேடம்? எதுக்குங்க உள்ள போனீங்க?"

"டீ வேணுமான்னு கேக்க, சார்."

"டீயா!"

பிறகு ஷபானா, யாழினி செல் ஸ்பீக்கரில்: "உங்கம்மாதான் ஆறாவது பிளேயராடி? ஜெர்சி தைச்சிடலாம்." யாழினி சிரிக்கவில்லை.

அக். 9, வியாழன்

வெயில். ரேஷனுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் இன்னொரு சுற்று இருக்காம். வீட்டில் பயிற்சி. கதவு சாத்தினாள். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம். அந்தத் தாழ்ப்பாளை இதுவரை யாரும் போட்டதில்லை.

தட்டினேன். "போம்மா."

அவள் தெருமுனைக் கடைக்குப் போன நேரம் தாழ்ப்பாளைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன். மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டது. நாலாவது துரு, அசையவில்லை. அதற்குள் கேட் சத்தம்.

திரும்பவும், ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் தாழைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஏதாவது ஆனால் தோளால் ஒரு இடி போதும். போதுமா.