நஸ்ராவின் வண்டியில் உன் குரல்

என் கண்ணே ரய்யா, உனக்கு உம்மா ஸுவைனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் வாப்பாவும் ஆடுகளும் ஒட்டகங்களும் அல்லாஹ் கிருபையில் நலம். நீ நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். சனிக்கிழமை தவறாமல் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேச்சென்றால் நான் கத்திவிடுவேன், பக்கத்தில் உன் வாப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் முதியோர் எழுத்துக் கூடத்தில் படித்த கையை இன்றைக்கு வேலை வாங்குகிறேன். உன் பெரியப்பா மகன் முஸல்லம் லீவு முடிந்து நீ படிக்கிற டப்ளினுக்குத் திரும்புகிறான், பேரீச்சம்பழப் பெட்டிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், பார்த்தான் என்றால் அவனைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

சாம்பல் ஒட்டகம் ஈன்றுவிட்டது, பெட்டைக் குட்டி. தாயை உரசிக்கொண்டே நிற்கிறது, பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை நான் வாயில் போட்டால்தான் விழுங்குகிறார், இல்லாவிட்டால் தலையணைக்கடியில் போய்விடுகிறது. வெயில் இந்த வருஷம் ஈவு இரக்கம் இல்லாமல் அடிக்கிறது. சரி, இதெல்லாம் இருக்கட்டும், நஸ்ரா விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அத்தையைப் பற்றி நான் பொல்லாங்கு பேசக்கூடாது, உன் வாப்பாவின் கூடப்பிறந்தவள். ஆனால் பேசத்தான் போகிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நஸ்ரா எனக்கு எதிரில் இருந்தாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "நேத்து ரய்யா முக்கால் மணி நேரம் பேசினா அண்ணி, எங்க வண்டியில அவ பேசுனா பக்கத்து சீட்டுல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு, உங்க ஜீப்புல ஆடு தும்முற மாதிரி கேக்குமே, பாவம்" என்றாள். பாவமாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்திரைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, கோப்பையை ஆட்டிக் காப்பி போதுமென்று கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முக்கால் மணி நேரம்! எனக்கு நீ கொடுப்பது ஒரு கோப்பைக் காப்பி ஆறுகிற நேரம். நல்லா இருக்கேன் உம்மா, சாப்பிட்டேன் உம்மா, இங்கே மழை உம்மா, கேக்குதா உம்மா, சரி அப்புறம் பேசுறேன் உம்மா, அவ்வளவுதான். பெற்றவளுக்கு இது, அத்தைக்கு முக்கால் மணி நேரம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்.

யோசித்துப் பார்த்தேன். அவள் தார் ரோட்டோரம் இருக்கிறாள், வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்குள்ளேயே சிக்னல் கிடைக்கிறது. நான் மணலில் வண்டியை உருட்டிக்கொண்டு வன்னி மரத்து மேட்டுக்கு வர வேண்டும், போனை முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் செருகி வைத்தால்தான் சிக்னல் கோடு நிற்கும், காதுக்கு எடுத்தால் போச்சு. உன் குரல் ஜீப்பின் ஸ்பீக்கர் வழியாகத்தான் வந்தாக வேண்டும், அந்த ஸ்பீக்கரோ நீ பள்ளிக்கூடம் போன காலத்து ஸ்பீக்கர். வலது கதவில் கரகரப்பு, இடது கதவில் பேச்சே இல்லை. நான் ஒரு கேள்வியை நாலு தடவை கேட்கிறேன், உனக்குச் சலிப்பு வருகிறது, நஸ்ராவிடம் ஓடுகிறாய். என் புத்திக்கு எட்டியது இதுதான். ஸ்பீக்கரை மாற்றினால் மகள் திரும்பி வந்துவிடுவாள் என்று முடிவு கட்டினேன். வாப்பா சிரித்தார், "அவ புது வண்டிய பாத்து நீ ஏன் வயிறெரியுற, பழைய வண்டிக்குப் புதுத் தொண்டையா" என்றார். வயிறெரிகிறதுதான், அதில் எனக்கு என்ன வெட்கம். மறுநாளே ஒரு சாக்குச் சொல்லி நஸ்ராவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்து கதவில் இருக்கும் ஸ்பீக்கரைச் சாணால் அளந்துகொண்டேன். அதைவிட ஒரு விரலாவது பெரியதாக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சினாவ் சந்தைக்கு ஆடு கொண்டு போன கையோடு ஷகீல் கடைக்குப் போனேன், பாகிஸ்தான்காரன், வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டுகிறவன், உனக்குத் தெரியும். எட்டு அங்குலம் கொடு என்றேன். "உங்க ஜீப் கதவுல ஓட்டையே ஆறரை அங்குலந்தான் உம்மா, எட்டு எப்படி நுழையும்" என்றான். கதவை அறு என்றேன். "அறுத்தா கண்ணாடி இறங்காது, மணல் உள்ள வரும், அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க" என்றான். அப்புறம் ஒன்றை எடுத்து, "இளவட்டங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க, பாட்டு போட்டா நெஞ்சு அதிரும்" என்றான். என் நெஞ்சு ஏற்கெனவே அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குப் பாட்டு வேண்டாம், பேச்சு கேட்க வேண்டும் என்றேன். பாட்டெல்லாம் நிறுத்தச் சொல்லி, நீ அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருக்கிறதே, வாப்பாவை மாத்திரை போடச் சொல்லு என்று, அதைப் போடச் சொன்னேன். பலகையில் மாட்டி வைத்திருந்த ஜோடி ஒவ்வொன்றிலும் உன்னைப் பேச வைத்தான். நெஞ்சு அதிரும் ஜோடியில் நீ ஆம்பிளை மாதிரி பேசினாய். இன்னொன்றில் சீறினாய். விலை கூடிய ஒன்றில் நீ பெரிய மனுஷி மாதிரி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருந்தாய், அது என் மகள் இல்லை. ஓரத்தில் கறுப்பாக, பகட்டே இல்லாமல் ஒரு ஜோடி இருந்தது. அதில் நீ உம்மா என்றதும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், கடை வாசலில் நீ நிற்கிறாய் என்று. இதைக் கட்டு என்றேன். "பின்னாடிக்கும் ஒரு ஜோடி மாட்டுனா இன்னும் நல்லா இருக்கும்" என்றான். பின்னால் ஆடு ஏறும், ஆட்டுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

அவனையே மாட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் நஸ்ராவின் வண்டிக்கு மாட்டியவனும் அவன்தான், சாயங்காலத்துக்குள் விஷயம் அவள் காதுக்குப் போய்விடும். அதனால் வீட்டு நிழலில் நானும் வாப்பாவுமே கதவைக் கழற்றினோம். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகாணியை எடுத்துவிட்டு, துணி சுற்றிய கரண்டிக் காம்பால் ஓரத்தை நெம்பினால் உள்பலகை டப் டப்பென்று கழன்று வருகிறது. உள்ளே ஒரு கூடை மணல், உன் பழைய கொண்டை ஊசி ஒன்று, செத்த பல்லி. பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அப்பளம் மாதிரி என் கையில் நொறுங்கியது. இதிலா இத்தனை நாள் என் மகள் பேசினாள் என்று நினைத்தபோது நஸ்ராவின் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. புதியதை வைத்துக் கண்ணாடியை இறக்கினால் ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தத்தில் போய் இடிக்கிறது. ஒரு விரல் கனத்துக்கு அடியில் வளையம் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும், சினாவுக்குத் திரும்பப் போக யாரால் முடியும். சமையல்கட்டில் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகை இருந்தது, நஸ்ரா உம்ரா யாத்திரை போய் வந்தபோது எனக்குக் கொண்டு வந்தது, நல்ல கனம். வாப்பாவிடம் கொடுத்து அதையே வளையமாக அறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். பலகை அறுபடுகிற சத்தம் எனக்கு நல்ல இதமாக இருந்தது.

எல்லாம் முடித்து உன் குரல் செய்தியைப் போட்டால் நீ எங்கே இருக்கிறாய் என்றே தெரியவில்லை. "கிணத்துக்குள்ள இருந்து பேசுறாளே" என்றார் வாப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு ஒயரில் கோடு போட்டது ஒன்று, போடாதது ஒன்று, அதை ஒரு கதவில் இவர் மாற்றி முறுக்கியிருக்கிறார். திட்டித் தீர்த்துவிட்டு நானே கழற்றி மாற்றினேன். உடனே நீ கிணற்றிலிருந்து ஏறி வந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாய். அடுத்த கல்யாண வீட்டில் நஸ்ராவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் போன சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மேட்டுக்குப் போனோம். நீ வழக்கம்போலப் பேசினாய், நல்லா இருக்கேன் உம்மா என்றாய், சிரித்தாய், வீட்டுக்காரப் பாட்டி சூப்பு கொடுத்தாள் என்றாய். தினம் உன் முகத்தைப் பார்க்கிற அவள் மேலும் எனக்கு ஒரு பொறாமை உண்டு, அது இருக்கட்டும். வார்த்தை எல்லாம் பழைய வார்த்தைதான் ரய்யா. ஆனால் வார்த்தைக்கு நடுவில் இருந்ததை நான் இத்தனை நாள் கேட்டதே இல்லை. நல்லா இருக்கேன் என்று சொல்வதற்கு முன்னால் நீ மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து நிறுத்தினாய். சிரிப்பு முடிகிற இடத்தில் உன் தொண்டை அடைத்தது. மூக்கை உறிஞ்சினாய். ஜலதோஷமா என்றேன், ஆமாம் என்றாய். நான் உன்னைப் பெற்றவள், ஜலதோஷத்துக்கு மூச்சு அப்படி விக்காது. வாப்பா, "எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா" என்று என் முழங்கையைத் தட்டி மகிழ்ந்துகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, நீ அழுதுவிட்டு வந்து பேசுகிறாய். அன்றைக்கு உன்னை முந்திக்கொண்டு அப்புறம் பேசுகிறேன் என்று நானே வைத்தது அதனால்தான்.

வாப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு நேராக நஸ்ரா வீட்டுக்கு வண்டியை விட்டேன். வாசலில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். ரய்யா அழுகிறாள், உனக்குத் தெரியுமா என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இப்பத்தான் கேட்டுச்சா அண்ணி உங்களுக்கு? நோன்புப் பெருநாள்லருந்து என் வண்டியில அழுதுகிட்டு இருக்கா" என்றாள். முக்கால் மணி நேரம் முக்கால் மணி நேரம் என்று பீற்றினாயே, அது இதுதானா, அழுகையைச் சொல்ல முடியாமல் மணிக்கணக்கை மட்டும் சொல்லிப் பெருமை அடித்தாயா என்று கேட்டேன். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, உம்மாவுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிடுவா, உடனே கிளம்பி வான்னு நிப்பா, வேணாம் அத்தைன்னா" என்றாள். காரணத்தையும் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். உன் வாயிலிருந்து எனக்கு வேண்டாம் என்றேன். என் மகளைப் பற்றி ஒன்றை நான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நாள் வர வேண்டாம் என்றேன்.

அவள் என் கையை விலக்கினாள். அவளும் அழுதாள் ரய்யா. "எனக்கு மட்டும் சொகமா இருக்குன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு அவ மூஞ்சியக் கழுவிட்டு வந்து சிரிச்சுப் பேசுறா. எங்கிட்ட ஒரு நாளாச்சும் சிரிச்சிருக்காளா? உங்களப் பாத்து எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை. காப்பி கொடுத்தாள், குடித்தேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. முன்பு அவள் வண்டியைப் பார்த்துப் பொறாமை, நேரத்தைப் பார்த்துப் பொறாமை. இப்போது அதெல்லாம் பிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது. பெருநாளிலிருந்து நீ சிந்திய கண்ணீர் எல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டியது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. நான் ஊரைக் கூட்டுகிறவள்தான், நீ பயந்தது சரிதான். அதனால் இந்தக் கடிதத்திலேயே வாக்குத் தருகிறேன். கிளம்பி வா என்று சொல்ல மாட்டேன். அங்கேயே இரு என்றும் சொல்ல மாட்டேன். வாப்பாவைக் கூட்டி வரமாட்டேன். வண்டியை அணைத்துவிட்டு, வேர்த்தாலும் பரவாயில்லை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, நீ சொல்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ ஒன்றுமே சொல்லாமல் அழுதாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பதானால் இனிமேல் உன் அத்தையிடம் சிரி, பாவம், அவளுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்.

அல்லாஹ் உன்னைக் கண்ணும் இமையுமாகக் காப்பானாக, உன் படிப்பிலும் உன் மூச்சிலும் பரக்கத் செய்வானாக. பழத்தை வீட்டுக்காரப் பாட்டிக்கும் கொடு, பெட்டியை வெயிலில் வைக்காதே, அங்கே வெயில் ஏது, சரி, ஈரத்தில் வைக்காதே. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் தனியாக மேட்டில் இருப்பேன். ஒன்றை மட்டும் மறக்காதே மகளே, என்னோடு பேசுவதற்காக முகத்தைக் கழுவிக்கொண்டு வராதே.

உன் உம்மா,
ஸுவைனா